குழந்தைக்கு வாசித்துக் காட்டுங்கள்

குடும்ப நலப் பாடம்: கணவன், மனைவி இருவரும் சேர்ந்து படிக்க வேண்டியது



குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் கொடுக்கிறோம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுக்கிறோம். அட்டவணைப்படி தடுப்பூசி போடுகிறோம். அங்கன்வாடிக்குத் தூக்கிச் சென்று எடை பார்க்கிறோம். சத்துமாவு வாங்கி வருகிறோம். இவ்வளவும் குழந்தையின் உடம்புக்கு நாம் செய்வது. நல்லது.

குழந்தையின் அறிவுக்கு என்ன செய்கிறோம்? "அது பள்ளிக்கூடத்துல வாத்தியார் பாத்துக்கிடுவார்" என்று நம்மில் பலர் இருந்துவிடுகிறோம்.

பள்ளிக்கூடம் ஐந்து வயதில்தான் வருகிறது. மூளை அதுவரை காத்திருப்பதில்லை. இரண்டு, மூன்று வயதுக்குள்ளேயே குழந்தையின் மூளை, வளர்ந்தவரின் மூளையில் சுமார் 80 விழுக்காடு அளவை எட்டிவிடுகிறது. அந்த நாட்களில் குழந்தை எதைக் கேட்கிறதோ, யாரிடம் பேசிப் பழகுகிறதோ, அதைக் கொண்டுதான் அதன் மொழியும் அறிவும் உருவாகின்றன.

2018-இல் உலக சுகாதார நிறுவனம், குழந்தை நன்றாக வளர ஐந்து தேவைகள் உண்டு என்று எடுத்துச் சொன்னது. நல்ல உடல்நலம், போதிய ஊட்டம், பாதுகாப்பு, அன்போடு உடனுக்குடன் கவனிக்கும் பராமரிப்பு, சிறுவயதிலேயே கற்கும் வாய்ப்பு ஆகியவையே அவை. கடைசி இரண்டையும் ஒரே வேலையால் கொடுத்துவிடலாம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு சிறு புத்தகத்தைச் சத்தம் போட்டு வாசித்துக் காட்டுவதுதான் அந்த வேலை. தினம் பத்து நிமிடம் போதும். அதைப் பற்றியதே இந்தப் பாடம்.

நம் கரைக்கு இது புதிதல்ல

"வாசிச்சுக் காட்டுறதெல்லாம் பட்டணத்துப் பழக்கம், நமக்கு எதுக்கு?" என்று யாரும் நினைக்க வேண்டாம். முத்துக்குளித்துறைக்கும் அச்சிட்ட தமிழ்ப் புத்தகத்துக்கும் நானூறு ஆண்டுக்கு மேற்பட்ட சொந்தம் உண்டு. தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் உள்ள புன்னைக்காயலில் வாழ்ந்து தமிழ் கற்றவர் அன்றீக்கே அன்றீக்கசு என்ற போர்ச்சுக்கீசியப் பாதிரியார். அவர் தமிழில் ஆக்கிய "அடியார் வரலாறு" 1586-இல் அச்சாயிற்று. 600 பக்கங்களுக்கும் மேற்பட்ட அந்தக் கதைப் புத்தகம் புன்னைக்காயலிலேயே அச்சிடப்பட்டது என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. எழுத்தறிந்தவர் மிகச் சிலரே இருந்த காலம் அது. ஒருவர் வாசிக்க, பலர் சுற்றி உட்கார்ந்து கேட்பதே அக்காலத்து வழக்கம்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். நம் மாவட்டத்துக் காயாமொழியில் பிறந்த சி. பா. ஆதித்தனார், 1942-இல் மதுரையிலிருந்து "தந்தி" பத்திரிகையை எளிய தமிழில் தொடங்கினார். ஊர்தோறும் டீக்கடைகளில் எழுத்தறிந்த ஒருவர் அதை உரக்க வாசிப்பார். டீ கிளாசைக் கையில் பிடித்தபடி பத்துப் பேர் கேட்பார்கள். வாசிக்கத் தெரியாதவருக்கும் உலக நடப்பு அப்படித்தான் தெரிந்தது. நம் தாத்தாமார் இதைக் கண்ணால் கண்டவர்கள்.

ஒட்டப்பிடாரத்தில் 1872-இல் பிறந்த வ. உ. சிதம்பரனாரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பெயரைத்தான் இன்று நம் துறைமுகம் தாங்கி நிற்கிறது. சிறு வயதில் பாட்டியிடம் சிவன் கதைகளையும், தாத்தாவிடம் இராமாயணக் கதைகளையும் கேட்டு வளர்ந்தவர் அவர். பின்னாளில் வக்கீலாக வாதாடியதும், மேடையில் பேசியதும், 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டதும், புத்தகங்கள் எழுதியதும் நாம் அறிந்தவை. கதை கேட்ட பிள்ளையெல்லாம் வ.உ.சி. ஆகிவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் பெரிய மனிதர்களின் காதிலும் முதலில் விழுந்தது வீட்டுக் குரல்தான் என்பதைக் கவனியுங்கள்.

பழைய வழக்கத்தில் பெரியவர் வாசித்தார், பெரியவரே கேட்டார். நாம் செய்ய வேண்டியது, அதே வழக்கத்தைத் தொட்டில் பிள்ளைக்கும் கொண்டு வருவதுதான்.

வயிற்றில் இருக்கும்போதே

தாயின் வயிற்றில் உள்ள சிசுவுக்கு ஏறக்குறைய ஆறாம் மாதத்தில் காது கேட்கத் தொடங்குகிறது. வெளியில் கேட்கும் சத்தங்களுக்கு அது அசைந்து கொடுக்கும். அதற்கு மிகத் தெளிவாகக் கேட்பது தாயின் குரல்.

1986-இல் அமெரிக்காவில் இரண்டு அறிஞர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கர்ப்பிணிகளிடம், பிரசவத்துக்கு முந்தைய ஆறு வாரமும் ஒரே கதையைத் தினமும் சத்தம் போட்டு வாசிக்கச் சொன்னார்கள். பிறந்த சில நாட்களில், குழந்தைகளின் வாயில் ஒரு ரப்பர் காம்பு வைக்கப்பட்டது. ஒரு விதமாகச் சப்பினால் அந்தப் பழைய கதை ஒலிக்கும். வேறு விதமாகச் சப்பினால் கேட்டறியாத புதுக் கதை ஒலிக்கும். குழந்தைகள் பழைய கதையைக் கேட்பதற்கு ஏற்றபடியே சப்பின! வேறொரு பெண் அதை வாசித்தபோதும் அப்படியே செய்தன. கண் திறந்து உலகைப் பார்க்குமுன்பே, கேட்ட சொற்களின் ஓட்டத்தைக் குழந்தை நினைவில் வைத்திருக்கிறது என்பது இதனால் தெரிந்தது.

ஆகவே ஏழாம் மாதம் ஆனதும் நீங்கள் தொடங்கலாம். வளைகாப்புக்கு வளையல் வாங்கும்போது கூடவே ஒரு சிறு கதைப் புத்தகமும் வாங்குங்கள். கணவர் வாசிக்கட்டும், மனைவி கேட்கட்டும். குழந்தையும் கேட்கும்.

வாசித்துக் காட்டுவதால் வரும் நன்மைகள்

1. சொல்வளம் பெருகும்

நாம் நாள் முழுவதும் குழந்தையிடம் என்ன பேசுகிறோம் என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். "வா, போ, தின்னு, தொடாத, அழாத, சும்மா இரு" என்பவைதான் திரும்பத் திரும்ப வரும். நம்மேல் குற்றமில்லை. வேலை அப்படி.

புத்தகத்திலோ யானை வருகிறது, பனிமலை வருகிறது, அரசன் வருகிறான். பொறாமை, பரிவு, வியப்பு, நன்றி என்ற சொற்களெல்லாம் வருகின்றன. கடலையும் உப்பளத்தையும் தவிர வேறு பார்த்திராத குழந்தை, மடியில் இருந்தபடியே காட்டையும் மலையையும் பார்த்துவிடுகிறது. சொல் தெரிந்த குழந்தைக்கு, தனக்கு என்ன வேண்டும், எங்கே வலிக்கிறது, எதைக் கண்டு பயம் என்று சொல்லத் தெரியும். சொல்லத் தெரியாத குழந்தை அடம் பிடித்து அழும்.

2. ஏட்டுத் தமிழ் பழகும்

இதுதான் மிக முக்கியமானது. நாம் வீட்டில் பேசும் தமிழ் ஒன்று. புத்தகத்தில் இருக்கும் தமிழ் வேறு. வீட்டில் "அவன் வந்துட்டான்" என்கிறோம். புத்தகத்தில் "அவன் வந்துவிட்டான்" என்று இருக்கிறது. வீட்டில் "பாத்தியா?", ஏட்டில் "பார்த்தாயா?". வீட்டில் "அவ சொல்லுதா", ஏட்டில் "அவள் சொல்கிறாள்".

வீட்டுத் தமிழ் தாழ்ந்தது அல்ல. அது தாய்ப்பால் போன்றது. ஆனால் ஏட்டுத் தமிழை ஒரு தடவையும் காதால் கேட்காத பிள்ளை, முதல் வகுப்பில் இரண்டு பாரங்களை ஒரே சமயத்தில் தூக்க வேண்டியிருக்கிறது. எழுத்தும் புதிது, அந்தப் பேச்சும் புதிது. பிள்ளை தடுமாறுகிறது. "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று நாமும் முத்திரை குத்திவிடுகிறோம். மடியில் இருந்து கதை கேட்ட பிள்ளைக்கு அந்தப் பேச்சு ஏற்கெனவே தெரியும். எழுத்தை மட்டும் கற்றால் போதும். பாதிச் சுமை குறைந்துவிடும்.

3. பொறுமையாகக் கேட்கும் பழக்கம் வரும்

கதையின் முடிவு தெரிய வேண்டுமானால் கடைசி வரை கேட்க வேண்டும். முதலில் ஒரு நிமிடம்கூட உட்காராத குழந்தை, நாளடைவில் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் உட்காரும். வகுப்பில் ஆசிரியர் சொல்வதைக் கேட்க இதுவே பயிற்சி.

4. பெற்றோர் மீது பாசமும் நம்பிக்கையும் வளரும்

மடியின் சூடு, பழகிய குரல், தலையை வருடும் கை. இவற்றோடு சேர்ந்து வரும் கதை குழந்தைக்கு நிம்மதி தருகிறது. இரவில் ஒரே நேரத்தில் கதை கேட்டுப் படுக்கும் குழந்தை, அடங்கி எளிதாகத் தூங்கும்.

5. வீட்டில் சண்டை குறையும்

சிரிக்க வேண்டாம்! கணவரும் மனைவியும் குழந்தையை நடுவில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் சேர்ந்து உட்கார்ந்தால், அந்தப் பத்து நிமிடமாவது வீடு அமைதியாக இருக்கும். குடும்ப நலம் என்பது இதுவும்தான்.

ஒரு வீட்டுத் திண்ணையில்

கடற்கரை ஊர் ஒன்றில், ஒன்றரை வயதுக் குழந்தை உள்ள ஒரு வீட்டுக்குக் கிராம சுகாதார செவிலியர் வருகிறார். கணவர் விசைப்படகுத் தொழிலாளி. மனைவி உப்பள வேலைக்குப் போகிறவர். அவர்கள் பேச்சைக் கேளுங்கள். உங்கள் மனதில் உள்ள கேள்வியும் அதில் இருக்கலாம்.

மனைவி: வாங்க நர்சம்மா, உக்காருங்க.

செவிலியர்: பாப்பாவுக்கு ஒன்றரை வயசு ஊசி போடணும்லா, ஞாபகப்படுத்திட்டுப் போலாம்னு வந்தேன். பாப்பா என்னெல்லாம் பேசுதா?

மனைவி: அம்மா, தா, மீமீ... அவ்வளவுதான் நர்சம்மா. செல்லைக் கையில குடுத்தாத்தான் சோறே திங்கா. அதுல பாட்டு ஓடும், பாத்துக்கிட்டே கிடப்பா.

செவிலியர்: பாப்பா ஒண்ணு கேட்டா அந்தச் செல்லு பதில் சொல்லுமா?

கணவர்: அது எப்படிச் சொல்லும்?

செவிலியர்: அதான் அண்ணாச்சி விஷயம். பிள்ளை ஒரு சத்தம் கொடுக்கணும், நாம திருப்பிச் சொல்லணும். அது கையை நீட்டணும், நாம பேரு சொல்லணும். இப்படிப் போயிட்டு வந்தாத்தான் பேச்சு வளரும். ரெண்டு வயசு ஆகுத வரைக்கும் செல்லு, டிவி வேண்டாம்னும், ரெண்டுல இருந்து நாலு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல கூடாதுன்னும் உலக சுகாதார நிறுவனம் 2019-லயே சொல்லிருக்கு. பிள்ளை உக்காந்திருக்கிற நேரத்துல கதை சொல்லுங்க, வாசிச்சுக் காட்டுங்கன்னும் சொல்லிருக்கு.

கணவர்: எங்களுக்கு நேரம் எங்க இருக்கு நர்சம்மா? காலையில அஞ்சு மணிக்குப் போட்டு புறப்பட்டா, கரைக்கு வர ராத்திரி ஆயிருது. இவ விடியுமுன்னே உப்பளத்துக்குப் போயிருதா.

செவிலியர்: தினமும் நீங்களே வாசிக்கணும்னு இல்ல. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பத்து நிமிஷம் அவுக வாசிக்கட்டும். கடலுக்குப் போகாத நாள்ல நீங்க வாசிங்க. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம்லா? 61 நாள் போட்டு கரையிலதான நிக்குது. அந்த 61 ராத்திரியும் கால் மணி நேரம் வாசிச்சா, பதினஞ்சு மணி நேரம் பிள்ளை உங்க மடியில இருந்து கதை கேட்டிருக்கும். மழை மாசத்துல உப்பளத்துல வேலை இருக்காது. அப்போ இவுக வாசிக்கலாம்.

கணவர்: (தயங்கி) அது வந்து... நான் அஞ்சாம் கிளாசோட தொழிலுக்குப் போயிட்டேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். பொண்டாட்டி பிள்ளை முன்னால தட்டித் தடுமாறி வாசிக்கதுக்கு வெக்கமா இருக்கு.

செவிலியர்: பாப்பா உங்களுக்கு மார்க்கா போடப் போறா? அவளுக்கு வேண்டியது அப்பா குரல். நீங்க எழுத்துக்கூட்டி நிதானமா வாசிச்சா, ஒவ்வொரு சொல்லும் அவ காதுல தெளிவா விழும். ஒரே புத்தகத்தை நாலு நாள் வாசிங்க. அஞ்சாம் நாள் உங்களுக்கே சரளமா வந்துரும். பிள்ளைக்கு அலுக்காது. சின்னப் பிள்ளைகளுக்கு ஒரே கதையைத் திரும்பக் கேக்கதுதான் பிடிக்கும். அவ படிக்கப் போற நேரத்துல நீங்களும் நல்லா வாசிக்கப் பழகிருப்பீங்க.

மனைவி: நான் எட்டு வரை படிச்சேன். ஆனா வேலையில இருந்து வந்தா இடுப்பு ஒடிஞ்சு போகுது நர்சம்மா. கண்ணு சொருகுது.

செவிலியர்: தெரியும்மா. அலுப்பா இருக்கிற அன்னைக்குப் பாயில படுத்துக்கிட்டே ரெண்டு பக்கம் காட்டுங்க, போதும். ஒரு நாள் விட்டுப்போனா பரவாயில்ல. மறுநாள் தொடருங்க.

ஆச்சி: (உள்ளேயிருந்து) எனக்கு எழுத்தே தெரியாதே தாயி! நான் என்னத்தச் செய்ய?

செவிலியர்: ஆச்சி, உங்ககிட்ட இருக்கிற கதை எந்தப் புத்தகத்துல இருக்கு? நீங்க கதை சொல்லுங்க. படத்தைக் காட்டி, "இது யாரு? என்ன செய்யுதான்?"னு கேளுங்க. பக்கத்து வீட்டுல பள்ளிக்கூடம் போற பிள்ளை இருந்தா, அதை வாசிக்கச் சொல்லி நீங்களும் பேத்தியும் கேளுங்க. அந்தப் பிள்ளைக்கும் படிப்பு ஏறும்.

மனைவி: புத்தகத்தைக் குடுத்தா கிழிச்சுப் போடுதாளே. வாயில வேற வைக்கா.

செவிலியர்: கிழிக்கட்டும்மா. கையில தொட்டுப் பாத்து, வாயில வச்சுப் பாத்துத்தான் பிள்ளை எதையும் படிக்கும். கிழிஞ்சதை ஒட்டிக்கிடலாம். ஆனா துண்டுத் தாளை முழுங்காம மட்டும் பாத்துக்கிடுங்க.

எந்த வயதில் எப்படி?

பிறந்தது முதல் 6 மாதம் வரை: பிறந்த புதிதில் குழந்தைக்கு ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் தூரம்வரைதான் நன்றாகத் தெரியும். ஆகவே முகத்துக்கு அருகில், தெளிவான பெரிய படங்களைக் காட்டுங்கள். பொருள் புரிய வேண்டும் என்பதில்லை. உங்கள் குரலின் ஏற்ற இறக்கமே அப்போது பாடம். தாலாட்டும் இதில் சேர்ந்ததே.

6 மாதம் முதல் ஒரு வயது வரை: படத்தைத் தொட்டுப் பெயர் சொல்லுங்கள். "காக்கா! காக்கா எப்படிக் கத்தும்? கா... கா..." குழந்தை கொடுக்கும் சத்தத்துக்கு மறுமொழி கொடுங்கள்.

1 முதல் 2 வயது வரை: பக்கத்துக்கு ஒரு வரி உள்ள புத்தகம் போதும். "நாய் எங்கே?" என்று கேட்டுக் காத்திருங்கள். விரல் நீட்டினால் பாராட்டுங்கள். எழுந்து ஓடினால் விட்டுவிடுங்கள். பிடித்து உட்கார வைத்தால் புத்தகத்தையே வெறுத்துவிடும்.

2 முதல் 3 வயது வரை: சிறு கதை சொல்லுங்கள். புத்தகத்தில் உள்ளபடி முதலில் வாசியுங்கள். பிறகு நம் வீட்டுப் பேச்சில் விளக்கிச் சொல்லுங்கள். "நரி ஏமாந்தது" என்று வாசித்துவிட்டு, "நரி ஏமாந்து போச்சு, பாத்தியா?" என்று கேளுங்கள். இரண்டு தமிழும் ஒன்றுதான் என்று குழந்தைக்குப் பிடிபடும்.

3 முதல் 5 வயது வரை: நடுவில் நிறுத்தி, "அப்புறம் என்ன ஆகும்?", "நீயா இருந்தா என்ன செய்வே?" என்று கேளுங்கள். தெரிந்த கதையைக் குழந்தையே நமக்குச் சொல்லட்டும். வரியின் கீழ் விரலை ஓட்டி வாசியுங்கள். எழுத்து இடமிருந்து வலமாகப் போகிறது என்பதை அதுவே கண்டுகொள்ளும்.

பள்ளி சேர்ந்த பின்: வாசித்துக் காட்டுவதை நிறுத்தாதீர்கள். ஒரு பக்கம் பிள்ளை, ஒரு பக்கம் நீங்கள் என்று மாறி மாறி வாசியுங்கள். தப்பாக வாசித்தால் தலையில் குட்டாதீர்கள். சரியான சொல்லை நீங்கள் ஒரு தடவை சொல்லுங்கள், போதும்.

மகன், மகள் என்று பேதம் வேண்டாம். இருவருக்கும் ஒரே மடி, ஒரே கதை.

புத்தகம் எங்கே கிடைக்கும்?

காசு செலவழிக்க வேண்டும் என்பதில்லை. பொது நூலகங்களுக்கென்று 1948-இலேயே சட்டம் கண்டது அன்றைய சென்னை மாகாணம். சுதந்திர இந்தியாவில் அப்படிச் சட்டம் செய்ததில் அதுவே முதல். கிளை நூலகத்திலோ ஊர்ப்புற நூலகத்திலோ உறுப்பினராகி, புத்தகத்தை வீட்டுக்கே எடுத்து வரலாம். 2023-இல் பள்ளிக் கல்வித் துறை, வாசிப்பு இயக்கம் என்ற பெயரில் நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளாகச் சிறு கதைப் புத்தகங்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. மூத்த பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். அங்கன்வாடியில் படப் புத்தகம் இருந்தால் அங்கேயே சிறிது நேரம் உட்கார்ந்து காட்டலாம்.

ஒன்றுமே கிடைக்கவில்லையா? மூத்த பிள்ளையின் பழைய பாடப் புத்தகம், செய்தித்தாளோடு வரும் சிறுவர் பக்கம், காலண்டர் படம், கடைப் பலகை, பஸ்சின் பெயர்ப் பலகை, படகில் எழுதியிருக்கும் பெயர் எல்லாமே வாசிக்கத் தக்கவைதான்.

ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு மடி

இவ்வளவு சொன்ன பிறகு, குடும்ப நலத் துறை இதை ஏன் சொல்கிறது என்பது உங்களுக்கே புரிந்திருக்கும். ஒன்றரை வயதுக் குழந்தை மடியில் இருக்கும்போதே அடுத்தது பிறந்துவிட்டால், மூத்த குழந்தை மடியை விட்டு இறங்க வேண்டியதாகிறது. அதுவோ பேச்சு முளைத்து வரும் வயது. கதை கேட்க வேண்டிய வேளையில் அது வாசலில் அழுதுகொண்டு நிற்கும். தாயின் உடம்பும் தேறியிருக்காது. இரத்த சோகை வந்துவிடும். அலுத்த உடம்போடு எந்தத் தாயால் வாசித்துக் காட்ட முடியும்?

ஒரு பிரசவத்துக்குப் பின் குறைந்தது இரண்டு ஆண்டு கழித்தே அடுத்த கர்ப்பம் தரிப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. அப்படியானால் இரு குழந்தைகளுக்கும் நடுவே ஏறக்குறைய மூன்று ஆண்டு இடைவெளி கிடைக்கும். முதல் குழந்தைக்கு மடியில் மூன்று ஆண்டு. இரண்டாவது பிறக்கும்போது, மூத்தது பக்கத்தில் உட்கார்ந்து தம்பிக்கோ தங்கைக்கோ படம் காட்டும் வயதுக்கு வந்திருக்கும்.

இடைவெளிக்கு ஏற்ற வழிகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசி, முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று என்ற சாயா மாத்திரை, தினசரி மாத்திரை, ஆணுறை ஆகியவற்றில் உங்களுக்கு எது பொருந்தும் என்பதைக் கணவன், மனைவி இருவரும் சேர்ந்து வந்து செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேட்டு முடிவு செய்யுங்கள்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

வாசித்துக் காட்டும் பழக்கத்தில் இன்னொரு பயனும் உண்டு. குழந்தைக்குக் காதிலோ கண்ணிலோ பேச்சிலோ குறை இருந்தால் அது உங்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும்.

— பெரிய சத்தத்துக்கும் கைக்குழந்தை திடுக்கிடவில்லை.
— ஆறேழு மாதமாகியும் சத்தம் வரும் பக்கம் திரும்பவில்லை.
— முகத்தைப் பார்த்துச் சிரிப்பதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கவனிப்பதில்லை.
— ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்லும் பேசவில்லை.
— இரண்டு வயதாகியும் "அம்மா வா", "பால் தா" என இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை.

இவற்றில் ஒன்று இருந்தாலும், "அவுக அப்பாவும் லேட்டாத்தான் பேசினாக" என்று ஆறப் போடாதீர்கள். செவிலியரிடம் உடனே சொல்லுங்கள். 2013 முதல் நடைபெறும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் மருத்துவக் குழு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கிறது. தேவைப்பட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பி வைப்பார்கள். காது கேளாமையைச் சிறு வயதிலேயே கண்டுபிடித்தால்தான் பேச்சைக் காப்பாற்ற முடியும்.

முத்து விளைவது போல

முத்து எப்படி உண்டாகிறது என்று நம் கரையாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிப்பிக்குள் நுழைந்த ஒரு சிறு பொருளின் மேல், சிப்பி தன் பூச்சை மிக மெல்லிய படலமாகப் பூசுகிறது. படலத்தின் மேல் படலம். ஒரு நாள் பூச்சைப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. மாதங்கள் கழித்துப் பார்த்தால் முத்து இருக்கும். 1973-இல் தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் சிறு உருண்டையை வைத்து வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டியதும் இந்த முறையில்தான். சிப்பியை அவசரப்படுத்த முடியாது. பக்குவமாக வைத்துக் காத்திருக்கத்தான் முடியும்.

குழந்தையின் அறிவும் அப்படித்தான். இன்று வாசித்த பத்து நிமிடத்தால் நாளைக்கே ஒன்றும் தெரியாது. ஆனால் தினம் பத்து நிமிடம் என்றால் ஆண்டுக்கு 60 மணி நேரம். ஐந்து வயதுக்குள் 300 மணி நேரம். அத்தனை மணி நேரம் தாய் தந்தையின் மடியில் கதை கேட்ட பிள்ளை, பள்ளிக்கூட வாசலில் அழுதுகொண்டு நிற்காது. "டீச்சர், எனக்கு ஒரு கதை தெரியும்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போகும்.

நினைவில் கொள்க

1. ஏழாம் மாதக் கர்ப்பத்திலிருந்தே வாசிக்கத் தொடங்கலாம்.
2. தினம் பத்து நிமிடம், முடிந்தவரை ஒரே நேரத்தில்.
3. சரளமாக வாசிக்கத் தெரிய வேண்டும் என்பதில்லை. குரலும் மடியும்தான் முக்கியம்.
4. எழுதியபடி வாசியுங்கள், வீட்டுப் பேச்சில் விளக்குங்கள்.
5. வாசிப்பது தாயின் வேலை மட்டுமல்ல, தந்தையின் வேலையும்தான்.
6. இரண்டு வயது வரை செல்போன் வேண்டாம்.
7. இரு குழந்தைகளுக்கு நடுவே மூன்று ஆண்டு இடைவெளி விடுங்கள்.

தம்பதியர் கலந்து பேச

1. நம் வீட்டில் கதைக்கு ஏற்ற நேரம் எது? சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?
2. இன்று இரவு வாசிக்க நம் வீட்டில் என்ன இருக்கிறது? யார் முதலில் வாசிப்பது?
3. வரும் தடைக்காலத்தில், அல்லது வேலையில்லாத மழை மாதத்தில், என்னென்ன புத்தகம் நூலகத்திலிருந்து எடுக்கலாம்?
4. அடுத்த குழந்தை எப்போது? அதுவரை எந்த முறையைக் கைக்கொள்வது?

இந்தத் துண்டுப் பிரசுரத்தைப் படித்து முடித்ததும் மூலையில் போட்டுவிடாதீர்கள். இதையே இன்று இரவு உங்கள் குழந்தைக்குச் சத்தமாக வாசித்துக் காட்டித் தொடங்கலாம்!